நெய் மூடிய சூடு

கையில் சூடாக ஏதாவது வைத்திருக்கிறவர்கள் முதலில் அதைக் கீழே வையுங்கள். கதை முடிவதற்குள் ஆறிவிடும். ஆறட்டும், இப்போது என்ன அவசரம்?

மலைகளுக்கு மனிதர்கள் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அப்போது ஒரு ராஜா இருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தும் பயனில்லை, அவர் கடைசி வரை இந்தக் கதைக்குள் வரப்போவதில்லை. அவருடைய நாட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு கணவாய் இருந்தது. கணவாயின் உச்சியில் சுக்கும் மிளகும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி கரைத்து, சுக்குத் தண்ணி காய்ச்சி விற்ற ஒருத்தி இருந்தாள். மருதாத்தாள் என்று பெயர். கதை அவளுடையது.

கணவாய்க்கு இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் மிளகு. இரண்டையும் சுமந்துகொண்டு பொதிமாடுகள் ஏறும், இறங்கும். பாதை ஒரு மாடு போகும் அகலம்தான். ஒரு கை பக்கம் பாறை, மறு கை பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியைப் பார்த்தவர்கள் யாரும் திரும்பி வந்து அதைப் பற்றிச் சொன்னதில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் பகலிலேயே மூடுபனி இறங்கும். தன் கையைத் தானே பார்க்க முடியாது. சங்கு ஊதினால் பாறைகள் அந்தச் சத்தத்தை மூன்றாக உடைத்து மூன்று திக்கிலிருந்தும் திருப்பித் தரும். பறை அடித்தாலும் அப்படியே. ஆள் கத்தினாலும் அப்படியே. எது நிஜம் எது எதிரொலி என்று தெரியாமல் மாடுகள் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும்.

ஒரே ஒரு குரலைத்தான் அந்தப் பாறைகள் உடைக்காது. அது சென்னியப்பனின் குரல். அவன் கணவாயின் கூவல்காரன். உச்சியில் நின்று "ஓ... ஹோய்..." என்று அவன் நீட்டிக் கூவினால், கீழே பனிக்குள் வருகிற மாடும் மனிதனும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவந்துவிடுவார்கள். அவன் அப்பனுக்கு அந்தக் குரல் இருந்தது. இப்போது அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

இனி மருதாத்தாளின் தொழிலைச் சொல்கிறேன்.

பல நாட்டு ஆட்கள் வந்துபோகும் வழி என்பதால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிற பாத்திரத்தில் யாருடைய உதடும் படக்கூடாது. பட்டால் அந்தப் பாத்திரத்தை உடைத்துப் போட வேண்டியதுதான். அதனால் அவள் மூக்கு வைத்த மண் கெண்டியில் சுக்குத் தண்ணி கொடுப்பாள். வந்தவர் வானத்தைப் பார்த்து அண்ணாந்து, கெண்டியை உயரத் தூக்கி, வாய்க்குள் ஊற்றிக்கொள்வார். நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஒரு கெண்டியைக் காலி செய்கிறவனுக்குப் பொதிமாட்டுக்காரர்களிடையே தனி மரியாதை. ஆண்பிள்ளைகளுக்குப் பெருமைப்பட எதுதான் கிடைக்காது!

ஆனால் உச்சிக் காற்று பொல்லாதது. அடுப்பிலிருந்து கைக்கு வருவதற்குள் தண்ணி ஆறிப்போகும். "என்னம்மிணி, மழைத் தண்ணியா?" என்று கேலி செய்தார்கள். மருதாத்தாளுக்கு அது பொறுக்கவில்லை.

ஒருநாள் பானையின் மேல் இரண்டு கரண்டி நெய்யை உருக்கி ஊற்றிப் பார்த்தாள். நெய் மேலே மிதந்து மூடிக்கொண்டது. ஆவி வரவில்லை. ஆறிவிட்டதோ என்று கையை விட்டுப் பார்த்தாள். வலது உள்ளங்கை முழுதும் வெந்துபோனது. ஒரு மாதம் ஆறவில்லை. ஆனாலும் அவள் சந்தோஷப்பட்டாள், ஏனென்றால் சூடு போகாமல் நிறுத்துகிற வித்தை கைக்கு வந்துவிட்டது. கெண்டிகளுக்கும் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாள். வெளியே சூடு போகாது, பிடிக்கிற கையும் சுடாது. அதன் பிறகு கடையில் கூட்டம் தாங்கவில்லை.

ஆவி இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. நார் இருப்பதால் கைக்குத் தெரியாது. வழக்கம் இருப்பதால் உதட்டுக்குத் தெரியாது. தெரிகிறபோது அது தொண்டைக்குள் இருக்கும்.

முதலில் ஒரு வெற்றிலை வியாபாரி வாய் வெந்து துள்ளினார். "சூடுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினார்.

"சுக்குத் தண்ணி சூடாத்தானுங்க இருக்கும். வாய் உங்களுது, பாத்துக் குடிக்கோணும்" என்றாள் மருதாத்தாள்.

இரண்டாவது, புருஷன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு புதுப்பெண். நாக்கு வெந்து அழுதாள். மூன்று மாதம் அவளுக்கு உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. சமைத்ததற்கெல்லாம் மாமியாரிடம் பேச்சு வாங்கினாள் என்று பின்னால் செய்தி வந்தது. மருதாத்தாள் அப்போதும் அதையே சொன்னாள். "வாய் அவளுது. பாத்துக் குடிச்சிருக்கோணும்."

மூன்றாவது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மருதாத்தாளுக்கு ஒரே மகள், வேலாத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குத் தாய் வீடு வர, மிளகுப் பொதி மாடுகளோடு புறப்பட்டுவிட்டாள், மூன்றாம் நாள் உச்சியைத் தொடுவாள் என்று ஆள் வந்து சொல்லிப் போனான். மருதாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடுபனியைப் பார்ப்பாள், பள்ளத்தைப் பார்ப்பாள், சென்னியப்பன் இருக்கிறான் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வாள்.

ஆள் வந்துபோன அன்று காலையிலேயே சென்னியப்பன் கடைக்கு வந்தான். "அக்கா, தொண்டை கட்டிக்கிட்டுதுங். சூடா ஒரு கெண்டி குடுங்" என்றான்.

அவன் அதுவரை அவளுடைய சுக்குத் தண்ணியைத் தொட்டதில்லை. தொண்டைக்காரன், பச்சைத் தண்ணிதான் குடிப்பான். ஆனால் வியாபாரி வெந்ததும் புதுப்பெண் வெந்ததும் அவன் காதுக்கு வந்திருந்தது. "அண்ணாந்து குடிக்கத் தெரியாதவங்க" என்று சிரித்தவன்தான் அவனும்.

மகளைக் கூட்டிவரப் போகிற தொண்டை ஆயிற்றே என்று மருதாத்தாள் பாசமாக ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினாள். அவன் வாசலைப் பார்த்தான், பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆற வைக்கப் பொறுமை இல்லை. அண்ணாந்தான். ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டான்.

கெண்டி விழுந்து உடைந்தது. அவன் வாய் அகலத் திறந்திருந்தது. கண்கள் பிதுங்கி நின்றன. ஆனால் அலறல் வெளியே வரவில்லை. அந்த நேரம் அடுப்பில் இருந்த பானைக்குள் 'களக்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ எதையோ விழுங்கின சத்தம் அது. கேட்டது மருதாத்தாள் மட்டும்தான்.

சென்னியப்பன் பிழைத்துக்கொண்டான். குரல் பிழைக்கவில்லை.

அன்று மதியமே அவன் மனைவி அரசாயி சாவடிக்குப் போய் முறையிட்டாள். மணியக்காரர் குப்பண்ணர் நியாயம் கேட்க உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று கேள்விக்கு மேல் கேட்டால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

"சூடா வேணும்னு கேட்டது யாரு?"

"என்ற ஊட்டுக்காரர்தானுங்" என்றாள் அரசாயி.

"வாய்க்குள்ள ஊத்துனது யாரு கை?"

"அவருதுதானுங்."

"ஆற வைக்காம அவசரப்பட்டது யாரு?"

அரசாயி தலையைக் குனிந்துகொண்டாள். "அவருதானுங். ஆனா தன்ற மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குதுன்னு மருதாத்தக்கா ஒரு வார்த்தை சொல்லட்டுமுங். எனக்கு அது போதும்."

எல்லாரும் மருதாத்தாளைப் பார்த்தார்கள். நெய்யைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது ருசிக்கு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் வியாபாரி வருவான், புதுப்பெண்ணின் வீட்டார் வருவார்கள், கடையை மூட வேண்டி வரும் என்று பயம் வந்தது. உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"வாய் அவனுது. பாத்துக் குடிச்சிருக்கோணும்" என்றாள்.

"சரியாப் போச்சு. அம்மிணி மேல குத்தமில்லை" என்று மணியக்காரர் எழுந்துவிட்டார்.

ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஜெயித்தவர்களுக்கு வருகிற நிம்மதி அவளுக்கு வரவில்லை. பானையில் பழைய தண்ணி மிச்சமிருந்தது. அடியில் நெருப்பை மூட்டினாள். நெய்க்கு அடியில் தண்ணி கொதிக்கத் தொடங்கியதும் ஒரு சத்தம் வந்தது. "ஸ்... ஆ..." வெற்றிலை வியாபாரி வாயைப் பிடித்துக்கொண்டு இழுத்த அதே மூச்சு. திரும்பிப் பார்த்தாள். கடையில் யாரும் இல்லை.

இரண்டாம் நாள் அடுப்பை மூட்டியபோது பானைக்குள் ஒரு பெண் விசும்பினாள். பல்லைக் கடித்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்று அழுகிற விசும்பல். மருதாத்தாள் நெருப்பை இழுத்து அணைத்தாள். சாம்பல் குளிர்ந்தது. பானை கொதித்துக்கொண்டே இருந்தது. கொட்டிவிடலாம் என்று சாய்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணியை நெய் இறுகப் பிடித்திருந்தது. அன்று வந்தவர்களையெல்லாம் கடை இல்லை என்று திருப்பி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் வந்தது. விடிந்ததா இல்லையா என்றே தெரியாத பனி.

உச்சிப் பாறையில் ஊரே கூடி நின்றது. மணியக்காரர் இருந்தார். அரசாயி இருந்தாள். கழுத்தில் துணி சுற்றிய சென்னியப்பன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். கீழே இருந்து மாட்டு மணிகள் கேட்டன. கூவல் வரும் என்று நம்பி அவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். நடுவழியில் மாட்டைத் திருப்பவும் இடம் கிடையாது.

சங்கு ஊதினார்கள். மூன்று சங்கு கேட்டது. பறை அடித்தார்கள். மூன்று பறை கேட்டது. மருதாத்தாள் பாறை விளிம்பில் நின்று "வேலாத்தா! வேலாத்தா!" என்று கத்தினாள். அவளுடைய குரலே மூன்று திக்கிலிருந்தும் அவளைத் திட்டுவதுபோலத் திரும்பி வந்தது.

சென்னியப்பன் எழுந்து நின்று வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அப்போது ஒரு மணி மட்டும் மற்ற மணிகளைவிட்டு விலகியது. விலகிக் கீழே போனது. கீழே, இன்னும் கீழே, ரொம்ப நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் மோதின சத்தம் கேட்கவில்லை. அது பொதிமாடா, மகள் ஏறிவந்த மாடா என்று யாருக்குத் தெரியும்?

மிச்ச மணிகள் நின்றுவிட்டன. அந்த அமைதியில்தான் அவளுக்குக் கேட்டது. கடைக்குள்ளிருந்து, எதனாலோ மூடி அமுக்கியதுபோல, "ஓ... ஹோய்..."

ஓடினாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பானை தளதளவென்று கொதித்தது. சென்னியப்பனின் குரல் நெய்க்கு அடியில் முட்டி முட்டிக் கூவியது. கரண்டியால் நெய்யைக் குத்தினாள். கல்லில் பட்டதுபோலக் கரண்டி வழுக்கியது.

பானை பேசியது. அவளுடைய குரலிலேயே பேசியது.

"அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும், மருதாத்தா?"

"அவன் அவசரப்பட்டுட்டான்" என்றாள்.

"அது நெசம்" என்றது பானை. "நான் கேட்டது அது இல்லை." நெய்ப்படலம் ஒரு விரல் கனம் கூடியது. கூவல் அடங்கிப் போனது.

"அவன் கைக்கு எப்படித் தெரியும், மருதாத்தா?"

"எனக்குத் தெரியாது! அத்தனை சூடுன்னு எனக்கே தெரியாது!"

சொன்னதும் அவள் உள்ளங்கைத் தழும்பு பச்சைப் புண்ணாகத் திறந்து எரிந்தது. நெய்ப்படலம் இன்னும் ஒரு விரல் கனத்தது. இப்போது கூவல் ஒரு கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்டது. வெளியே ஒரு மாடு மிரண்டு கத்தியது.

"அவன் உதட்டுக்கு எப்படித் தெரியும், மருதாத்தா?"

இவள் அலறல் கேட்டு ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. மணியக்காரர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அரசாயி. மருதாத்தாள் அவர்களைப் பார்த்தாள். கடை போகும், பேர் போகும், எல்லாம் போகும். போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மகள் பனிக்குள் நிற்கிறாள்.

"தெரியாது" என்றாள். "கண்ணுக்குத் தெரியாம நெய் ஊத்துனது நானு. கைக்குத் தெரியாம நாரு சுத்துனது நானு. உதடு படக் கூடாதுங்கற வழக்கம் எனக்குத் தெரியும். மூணும் தெரிஞ்சேதான் ஊத்திக் குடுத்தேன். அந்தச் சூடு எத்தனைன்னும் தெரியும். அது முதல்ல வேக வெச்சது என்ற கையைத்தான்."

உள்ளங்கையை விரித்து எல்லாரிடமும் காட்டினாள். பிறகு அந்தக் கையையே பானைக்குள் விட்டு நெய்யைப் பிளந்தாள்.

அத்தனை நாள் அடைபட்டிருந்த ஆவி எழுந்தது. கூரையை முட்டி, வாசலை நிறைத்து, நின்றவர்களின் முகத்தை உரசிக்கொண்டு வெளியே போனது. போகிறபோது முதலில் ஒரு மூச்சு இழுத்தது. அடுத்து ஒரு பெண் விசும்பினாள். அதற்குப் பின்னால் சென்னியப்பனின் குரல் முழுசாக, பழைய வலுவோடு புறப்பட்டது.

"ஓ... ஹோய்...!"

பாறைகள் அதை உடைக்கவில்லை. ஒருமுறை கூவியது. மணிகள் அசைந்தன. இரண்டாம் முறை கூவியது. மணிகள் ஏறத் தொடங்கின. மூன்றாம் முறை கூவியபோது முதல் மாட்டின் கொம்பு பனிக்கு வெளியே நீண்டது.

ஐந்தாவது மாட்டின் மேல் வயிற்றை அணைத்துக்கொண்டு வேலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தில் போனது ஒரு மிளகுப் பொதி மாடு. பாவம், அதுவும் ஓர் உயிர்தான்.

தாயைக் கட்டிக்கொண்டு மகள் சொன்னாள்: "பயந்தே போயிட்டேம்மா. அப்பறம் சென்னியப்ப மாமா எனக்கு முன்னாலயே நடந்து கூப்பிட்டுட்டு வந்தாரு. அவரு மூச்சு சூடா என்ற மூஞ்சியில பட்டுது. எங்கம்மா அவரு?"

சென்னியப்பன் உச்சியில் அதே கல்லில், கழுத்துத் துணியோடு, வாயை மூடி உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தைவிட்டு அவன் அசையவே இல்லை.

மருதாத்தாள் வெந்த கையோடு போய் அவன் காலடியில் விழுந்தாள். அவன் அவளைத் தூக்கினான். மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினான். ஒன்றை மடக்கித் தன் நெஞ்சைத் தொட்டான். மிச்சம் இரண்டையும் அவள் பக்கம் நீட்டினான். தப்பில் ஒரு பங்கு என்னுது, இரண்டு பங்கு உன்னுது என்பதுபோல.

மணியக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. "நான் கேட்ட மூணு கேள்வியும் சரிதான். கேக்காம உட்டதுலதான் நியாயம் கெடந்திருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மருதாத்தாள் கெண்டிகளிலிருந்து நாரை அவிழ்த்தாள். நெய்ச்சட்டியைக் கவிழ்த்தாள். தன் அடுப்பில் சமைத்த சோற்றைச் சென்னியப்பன் வீட்டுக்குக் கொடுத்த பிறகே தான் சாப்பிட்டாள், சாகும் வரைக்கும். ஒவ்வொரு கெண்டியைக் கொடுக்கும்போதும் "சூடுங்க, சூடுங்க, சூடுங்க. ஊதிக் குடிங்க" என்று மூன்று தரம் சொல்வாள். சொல்லியும் வீம்புக்கு ஊற்றிக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அதற்கு அவள் பொறுப்பில்லை என்று சென்னியப்பனே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான்.

ஆனால் அவன் குரல் அவனிடம் திரும்பவே இல்லை. அது பனிக்குள் போனது போனதுதான். மூடுபனி இறங்கும் நாட்களில் யாரும் வாய் திறக்காமலேயே கணவாயில் கூவல் கேட்கும். மாடுகள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவரும். சென்னியப்பன் கல்லில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருப்பான். அவன் முகத்தைப் பார்க்க மருதாத்தாளுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

அவளும் போனாள், அவனும் போனான். கடை இருந்த இடத்தில் இப்போது புல்தான் இருக்கிறது. இன்றைக்கும் ஐப்பசிப் பனியில் அந்த வழியே நடப்பவர்களுக்கு முதலில் ஒரு கூவல் கேட்கிறதாம். அது அடங்கியதும் காதுக்குப் பக்கத்தில், சூடான மூச்சோடு, ஒரு பெண் மூன்று தரம் "சூடுங்க" என்று சொல்கிறாளாம்.

கீழே வைத்ததை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஆறியிருக்கும், இருந்தாலும் ஊதிக் குடியுங்கள்.

தெரிகிற சூட்டுக்குக் குடிப்பவரே பொறுப்பு, தெரியாமல் மறைத்த சூட்டுக்கு மறைத்தவரே பொறுப்பு.